வயிற்றுப்பிள்ளையும் சிறிதளவு மதுவும்

கருவுற்ற பெண் சிறிதளவு மது அருந்துவதால் கருவுக்குக் கேடு நேருமா என்ற கேள்வி மருத்துவ உலகில் அரை நூற்றாண்டாக ஓயாமல் எழுந்து வருகிறது. அதை வடசென்னையின் ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ எழுப்புபவர், அங்கே சிறிதளவாகக் கருதப்படுவது எத்தனை கிராம் என்று முதலில் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்நாடு அரசின் டாஸ்மாக் மதுக்கடைகளில் பிராந்தி, விஸ்கி, ரம் ஆகியவை பெரும்பாலும் 180 மில்லிலிட்டர் கொண்ட குவார்ட்டர் பாட்டிலாகவே கைமாறுகின்றன. ஒரு குவார்ட்டரை இருவர் பங்கிட்டுக்கொண்டால் ஆளுக்குக் கிடைக்கும் 90 மில்லிலிட்டர்தான் கட்டிங், குடிப்பவரைக் கேட்டால் அது குடிக் கணக்கிலேயே சேராது, உடம்பு அலுப்புக்கு ஊற்றிக்கொண்டது அவ்வளவே. இந்தியாவில் தயாராகும் இவ்வகைச் சரக்கில் கன அளவில் 42.8 விழுக்காடு எத்தனால், அதாவது போதை தரும் வேதிப்பொருள், இருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் எத்தனாலின் எடை 0.79 கிராம் என்பதால், ஒரு குவார்ட்டரில் ஏறத்தாழ 61 கிராமும் ஒரு கட்டிங்கில் 30 கிராமும் எத்தனால் அடங்கியிருக்கிறது. 5 விழுக்காடு வீரியமுள்ள 650 மில்லிலிட்டர் பீர் பாட்டிலில் அது 26 கிராம். சளி பிடித்தால் வெந்நீரில் கலந்து கொடுக்கப்படும் ஒரு மூடி பிராந்தியில், மூடி 10 மில்லிலிட்டர் கொள்ளும் என்று வைத்துக்கொண்டால், 3 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும்.

மேலைநாட்டு ஆய்வுகள் பேசும் சிறிதளவு இதிலிருந்து வெகுதூரம் விலகியது. பிரிட்டனில் மதுவை அளக்கும் ஒரு யூனிட் 8 கிராம் எத்தனாலைக் குறிக்கிறது. டென்மார்க்கில் ஒரு பானம் என்பது 12 கிராம், அமெரிக்காவில் 14 கிராம். கருவுற்ற காலத்தில் குறைவாகக் குடித்தவர்கள் என்று பிரிட்டிஷ் ஆய்வாளர்கள் வகைப்படுத்திய பெண்கள் வாரத்துக்கு ஓரிரு யூனிட், அதாவது 8 முதல் 16 கிராம் வரை அருந்தியவர்கள். ஒரு கட்டிங்கில் உள்ளது அந்த ஒரு வார உச்ச அளவின் ஏறத்தாழ இரண்டு மடங்கு, அதுவும் பத்து நிமிடத்தில் உள்ளே போய்விடுவது. 50 கிலோ எடையுள்ள ஒரு பெண் வெறும் வயிற்றில் ஒரு கட்டிங்கை வேகமாகக் குடித்தால், அவருடைய இரத்தத்தில் எத்தனாலின் அளவு 100 மில்லிலிட்டருக்கு 100 மில்லிகிராமை ஒட்டி உயரும் என்று கணக்கிடலாம். மோட்டார் வாகனச் சட்டம் ஓட்டுநருக்கு வைத்திருக்கும் வரம்பு 30 மில்லிகிராம்தான். இரத்தத்தில் 80 மில்லிகிராமை எட்டவைக்கும் குடியை அமெரிக்க வல்லுநர்கள் ஒரே அமர்வில் மிதமிஞ்சிக் குடித்தல் என்று வரையறுத்து, கருவுக்கு மிக ஆபத்தான குடிமுறைகளுள் ஒன்றாக வைக்கிறார்கள். உடல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் வீதமே எத்தனாலைக் கழிக்கவல்லது என்பதால், அந்த ஒரு கட்டிங் இரத்தத்தைவிட்டு முழுதும் நீங்க ஆறேழு மணி நேரம் ஆகும்.

எத்தனால் மிகச் சிறிய மூலக்கூறு. நீரிலும் கொழுப்பிலும் கரையக்கூடியது. தாயின் இரத்தத்துக்கும் கருவின் இரத்தத்துக்கும் இடையில் நின்று ஊட்டத்தை உள்ளே விட்டுக் கழிவை வெளியே அனுப்பும் நஞ்சுக்கொடி பல கிருமிகளையும் பெரிய மூலக்கூறுகளையும் தடுத்து நிறுத்துகிறது, எத்தனாலை மட்டும் தடுக்க வழியில்லாமல் விட்டுவிடுகிறது. தாய் குடித்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் கருவின் இரத்தத்திலும் அதே அளவு சேர்ந்துவிடுகிறது. எத்தனாலைச் சிதைக்கும் ஆல்கஹால் டிஹைட்ரஜினேஸ் என்ற நொதி, அதாவது வேதிவினையை விரைவுபடுத்தும் புரதம், கருவின் கல்லீரலில் மிகக் குறைவாகவே வேலை செய்வதால், கரு தன் உடலில் புகுந்ததைத் தானே எரித்துவிட இயலாமல் தாயின் கல்லீரலையே நம்பியிருக்கிறது. போதாக்குறைக்கு, கருவின் சிறுநீரில் வெளியேறும் எத்தனால் பனிக்குட நீரில் கலந்து தங்குகிறது. அந்த நீரைக் கரு விழுங்கிக்கொண்டே இருப்பதால், கழிந்தது மீண்டும் உள்ளே போகிறது. தாய்க்குப் போதை தெளிந்த பிறகும் பிள்ளை எத்தனாலில் ஊறிக்கொண்டிருப்பது இதனால்தான்.

இத்தனை எளிதாகக் கருவை எட்டும் ஒரு பொருளை மருத்துவம் வெகுகாலம் சந்தேகிக்கவில்லை என்பது வியப்புக்குரியது. 1967இல் நியூயார்க்கில் ஃபிரிட்ஸ் ஃபுக்ஸ் என்ற மகப்பேறு மருத்துவர், குறைமாதத்தில் வலி எடுத்த பெண்களுக்கு நரம்பு வழியாக எத்தனாலைச் சொட்டுச்சொட்டாக ஏற்றிப் பிரசவத்தைத் தள்ளிப்போடும் முறையை வெளியிட்டார்; கருப்பையைச் சுருங்கவைக்கும் ஆக்ஸிடோசின் என்ற இயக்குநீர் சுரப்பதை எத்தனால் அடக்கும் என்பது அதன் அடிப்படை, பல நாடுகளில் பத்தாண்டுகளுக்கும் மேலாக அது வழக்கில் இருந்தது. அதற்கு அடுத்த ஆண்டே, பிரான்சின் நான்ட் நகரில் பால் லெமுவான் என்ற குழந்தை மருத்துவர், மிகுதியாகக் குடித்த பெற்றோருக்குப் பிறந்த 127 குழந்தைகளிடம் ஒரே மாதிரியான குறைகள் திரும்பத் திரும்பத் தென்படுவதை எழுதினார், அது பிரெஞ்சு மொழியில் வந்ததாலோ என்னவோ உலகம் கண்டுகொள்ளவில்லை. 1973இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தைச் சேர்ந்த கென்னத் ஜோன்ஸும் டேவிட் ஸ்மித்தும் லான்செட் இதழில் அதே குறைகளை விவரித்து அதற்குக் கரு மது நோய்க்குறித்தொகுப்பு என்று பெயர் சூட்டிய பிறகே கதை மாறியது. மூக்குக்கும் மேலுதட்டுக்கும் நடுவே இருக்கவேண்டிய குழிவு மழுங்கிப்போதல், மெலிந்த மேலுதடு, குறுகிய கண்பிளவு, வளர்ச்சிக் குறைவு, மூளை பாதிப்பு ஆகியவை ஒருங்கே அமைவது அந்த நோய். முகத்தில் அடையாளம் இல்லாமல் கவனச்சிதறல், கணக்கில் தடுமாற்றம், நினைவுக் குறைவு, கோபத்தை அடக்க இயலாமை என்று மூளை மட்டும் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் அதைவிடப் பல மடங்கு என்பது பின்னர் தெரியவர, இவை அனைத்தையும் உள்ளடக்கிக் கரு மது பாதிப்பு வரிசை என்று விரிவாகச் சொல்லும் பழக்கம் வந்தது.

முகம் எப்போது கெடுகிறது என்பதைக் காத்லீன் சுலிக்கும் உடன் பணியாற்றியவர்களும் 1981இல் சுண்டெலிகளைக் கொண்டு காட்டினார்கள். சூலுற்ற ஏழாம் நாளில் மட்டும் எத்தனால் கொடுக்கப்பட்ட எலிகளின் குட்டிகளுக்கு, சியாட்டில் குழந்தைகளின் முகத்தை ஒத்த முகம் அமைந்தது. எலியின் ஏழாம் நாள் மனிதக் கருவின் மூன்றாம் வாரத்துக்கு நிகரானது. அது, மாதவிலக்கு வரவேண்டிய நாள் தள்ளிப்போய்ச் சில நாட்களே ஆன வேளை. வயிற்றில் பிள்ளை தரித்திருப்பது தாய்க்கே உறுதியாகத் தெரியாத அந்த நாட்களில்தான் முகமும் முன்மூளையும் உருவாவதற்கான அடித்தளம் இடப்படுகிறது. இந்த இடத்தில் மதுக்கடையை மறந்துவிட்டு வீட்டு அலமாரியைக் கவனிப்பது தகும். ஆயுர்வேத அரிஷ்டங்களும் ஆசவங்களும் நொதிக்கவைத்துத் தயாரிக்கப்படுபவை; அவற்றில் தானாக விளையும் எத்தனால் 12 விழுக்காடு வரை இருக்கச் சட்டம் இடமளிக்கிறது. மாதவிலக்குக் கோளாறுக்கென்று கடையில் சீட்டில்லாமலே வாங்கக்கூடிய அசோகாரிஷ்டத்தை, நாள் தள்ளிப்போன ஒரு பெண் கருத்தரிப்பை எண்ணிப்பார்க்காமல் எடுத்துக்கொள்வது எளிதில் நடக்கக்கூடியது. 30 மில்லிலிட்டர் அரிஷ்டத்தில் எத்தனால் அதிகபட்சம் ஏறத்தாழ 3 கிராம்தான். ஒரு கட்டிங்கோடு ஒப்பிட்டால் அது பத்தில் ஒரு பங்கு, அதைக் கண்டு அஞ்சி நடுங்கத் தேவையில்லை. ஆயினும் குடிக்காதவராகத் தம்மைக் கருதும் பெண்ணின் இரத்தத்திலும் எத்தனால் புகும் வழி இதுவாகும் என்பதால், நாள் தள்ளிப்போனால் முதலில் சிறுநீர்ப் பரிசோதனை, பிறகே மருந்து என்ற ஒழுங்கு பயனுள்ளது. பிள்ளைப்பேற்றுக்குப் பின் கொடுக்கப்படும் தசமூலாரிஷ்டம் வேறு கணக்கு. அப்போது கரு இல்லை, ஆனால் தாய்ப்பாலில் எத்தனாலின் செறிவு இரத்தத்தில் உள்ளதற்கு இணையாகவே இருக்கும்.

மிகுதியான குடி கருவைக் கெடுக்கும் என்பதில் இன்று ஐயம் இல்லை. வாரத்துக்கு ஓரிரு யூனிட் என்ற அளவில்தான் வழக்கு இன்னும் தீராமல் இருக்கிறது. பிரிட்டனில் 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வில் இவான் கெல்லி குழுவினர், குறைவாகக் குடித்த தாய்மாரின் பிள்ளைகள் மூன்று, ஐந்து, ஏழு வயதுகளில் குடிக்காத தாய்மாரின் பிள்ளைகளைவிட எதிலும் பின்தங்கவில்லை என்றும், சில சோதனைகளில் சற்று முந்தியே நின்றார்கள் என்றும் எழுதினர். டென்மார்க்கில் 1,628 பெண்களின் ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்து 2012இல் வெளியான ஆய்வும் வாரத்துக்கு 8 பானம் வரை அறிவுத்திறனில் வேறுபாடு காணவில்லை. பிரிஸ்டல் பல்கலைக்கழகக் குழு 2017இல் இருபத்தாறு ஆய்வுகளைத் திரட்டி, வாரத்துக்கு 32 கிராமுக்கு மேற்படாத குடியை மட்டும் எடுத்துப் பார்த்தபோது, கருவின் மாதத்துக்கு ஏற்ற எடையின்றிச் சிறுத்துப் பிறக்கும் வாய்ப்பு 8 விழுக்காடு கூடியிருந்தது. மற்ற விளைவுகளைப் பற்றி முடிவு சொல்லுமளவு சான்றே திரண்டிருக்கவில்லை. அந்த 32 கிராம் வரம்பு முழு வாரத்துக்கானது, வடசென்னைக் கணக்கில் அது ஒரே ஒரு கட்டிங்.

மது அருந்திய தாயின் பிள்ளை முந்தி நிற்பது எப்படி என்ற கேள்விக்கு விடை மதுவில் இல்லை. பிரிட்டனில் கருவுற்ற காலத்தில் அளவோடு ஒயின் அருந்தும் பெண் பெரும்பாலும் நன்கு படித்தவர், வசதியானவர், வயதில் சற்று மூத்தவர், நல்ல உணவும் புத்தகங்களும் உள்ள வீட்டில் வாழ்பவர். பிள்ளையின் தேர்ச்சிக்கு இவையே காரணமாயிருக்க, கணக்கில் அது மதுவின் பெயரில் வரவுவைக்கப்படுகிறது. இவ்வாறு காரணத்தோடும் விளைவோடும் ஒருசேர ஒட்டிக்கொண்டு ஆய்வாளரைத் திசைதிருப்பும் கூறுகளைப் புள்ளியியலில் குழப்பக் காரணிகள் என்பர். அவற்றைக் கழிக்க மரபணுவைத் துணைக்கு அழைக்கும் முறை ஒன்று உண்டு: எத்தனாலை விரைவாகவோ மெதுவாகவோ சிதைக்கும் மரபணு வடிவம் பிறப்பில் தற்செயலாக வாய்ப்பதே தவிர, படிப்பையோ வருமானத்தையோ பார்த்து வாய்ப்பதில்லை, ஆகவே மரபணு வடிவத்தை வைத்துப் பிள்ளைகளைப் பிரித்தால் வசதியின் தாக்கம் இரு பக்கமும் சமமாகிவிடும். பிரிஸ்டல் வட்டாரத்தில் 1990களின் தொடக்கத்தில் பிறந்த 4,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை இம்முறையில் ஆராய்ந்து 2012இல் வெளியிடப்பட்ட முடிவு, எத்தனாலை மெதுவாகச் சிதைக்கும் வடிவங்களோடு எட்டு வயது அறிவுத்திறன் சற்றுக் குறைவதைக் காட்டியது. அந்தக் குறைவு வாரத்துக்கு ஆறு யூனிட் வரை குடித்த தாய்மாரின் பிள்ளைகளிடம் மட்டுமே தெரிந்தது, அறவே குடிக்காத தாய்மாரின் பிள்ளைகளிடம் தெரியவில்லை. மெல்பர்னில் 415 குழந்தைகளின் முகத்தை ஒரு வயதில் முப்பரிமாணப் படமாக எடுத்து 2017இல் வெளியான ஆய்வோ, தாய் குறைவாகக் குடித்திருந்தாலும் மூக்கு, உதடு, கண் ஆகியவற்றைச் சுற்றிக் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகளைக் கணினி கண்டதாகச் சொன்னது. அவ்வேறுபாடுகளால் பிள்ளையின் வாழ்வில் என்ன நேரும் என்பதை அந்தப் படங்கள் சொல்லவில்லை.

பிரிட்டனில் ஆறுதல் தரும் முடிவுகளைத் தந்த அதே கூறுகள் வடசென்னையின் எண்ணூரில் தலைகீழாகத் திரும்பி நிற்கின்றன என்பதே இக்கட்டுரை அழுத்திச் சொல்ல விரும்புவது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் 0.3 விழுக்காட்டினரும் ஆண்களில் 25.4 விழுக்காட்டினரும் மது அருந்துவதாகப் பதில் தந்தார்கள். வீட்டு வாசலில் கேள்வித்தாளோடு நிற்பவரிடம் தமிழ்ப்பெண் ஒருத்தி குடிப்பதாக ஒப்புக்கொள்வது அரிது என்பதால் முதல் எண்ணை அப்படியே நம்பத் தேவையில்லை, என்றாலும் குடிக்கும் பெண்கள் சிறுபான்மையினர் என்பதில் ஐயமில்லை. அச்சிறுபான்மையில் மாலையில் ஒயின் கோப்பையை ஏந்தும் வசதியுள்ளவர் ஒருபுறம் இருக்க, கூடை சுமந்தும் மூட்டை தூக்கியும் குப்பை அள்ளியும் உழைத்து, உடம்பு வலிக்கென்று குடிக்கும் பெண்கள் மறுபுறம் இருக்கிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை மதுவோடு ஒட்டிக்கொண்டு வரும் கூறுகள் குறைந்த எடை, குறைந்த உணவு, இரத்தசோகை. அதே கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கருவுற்ற பெண்களில் 48.3 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருந்தது. எலிகளில் செய்யப்பட்ட சோதனைகளில் இரும்புச்சத்துக் குறைவும் எத்தனாலும் சேர்ந்தபோது கருவின் மூளைக்கு நேர்ந்த சேதம் கூடியது. தென்னாப்பிரிக்கத் தாய்மாரிடம் செய்த ஆய்வுகளும் ஊட்டம் குறைந்த உடலில் மதுவின் தாக்கம் மிகுவதையே காட்டின. அந்நாட்டின் மேற்குக் கேப் மாநிலத்துத் திராட்சைத் தோட்டங்களில் கூலியின் ஒரு பகுதியாக ஒயின் கொடுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது, உலகிலேயே கரு மது நோய்க்குறித்தொகுப்பு மிக அதிகமாகப் பதிவான இடங்களுள் ஒன்று அது.

இதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அனல்மின் நிலையங்கள், மணலியின் சுத்திகரிப்பு ஆலை, துறைமுகத்துக்கு வரிசைகட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகள் ஆகியவற்றின் நடுவே வாழும் பெண்ணின் கரு, மது இல்லாமலேயே சிறிதளவு நஞ்சு ஒன்றை நாள்தோறும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தைச் சேர்ந்த கல்பனா பாலகிருஷ்ணன் குழு தமிழ்நாட்டில் 1,285 கருவுற்ற பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2018இல் வெளியிட்ட ஆய்வில், காற்றில் நுண்துகள் ஒரு கனமீட்டருக்கு 10 மைக்ரோகிராம் கூடும்போது பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைந்தது. 4 கிராம் என்பது எந்தத் தாயும் தன் பிள்ளையில் உணரக்கூடிய குறை அல்ல, தராசில்கூடத் தெரியாது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது இருப்பதே புலனாகிறது. சிறிதளவு மதுவின் விளைவு இருந்தால் அதுவும் இந்த வகையைச் சேர்ந்ததாகவே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரி குடித்தாள், பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்ற வாதம் ஒன்றையும் நிரூபிக்காததற்கும், ஒரு மூடி பிராந்தி குடித்துவிட்ட பெண் பிள்ளை போய்விட்டதாகக் கலங்குவது வீண் என்பதற்கும் காரணம் ஒன்றே.

பிரிட்டனின் மருத்துவ நெறிமுறை 2008இல், முதல் மூன்று மாதம் தவிர்க்கவும், அதன் பிறகு குடித்தே தீரவேண்டுமானால் வாரத்தில் ஓரிரு முறை ஓரிரு யூனிட்டோடு நிறுத்தவும் சொன்னது; 2016இல் அந்நாட்டுத் தலைமை மருத்துவ அதிகாரிகள் அதை மாற்றி, அறவே தவிர்ப்பதே பாதுகாப்பானது என்றார்கள். இடைப்பட்ட எட்டாண்டுகளில் ஒரு யூனிட் மது கெடுதல் என்று யாரும் நிரூபித்துவிடவில்லை. எந்த அளவுக்குக் கீழே கேடு இல்லை என்று காட்ட இயலவில்லை, கருவுற்ற பெண்களுக்கு மது கொடுத்துப் பரிசோதிப்பது அறத்துக்கு ஒவ்வாது, குடிப்பதால் கருவுக்கு ஒரு நன்மையும் இல்லை. இந்த மூன்றையும் எடைபோட்டு எடுக்கப்பட்ட தீர்ப்புதான் பூஜ்யம் என்ற அறிவுரை. நியாயமான தீர்ப்பு அது. ஆனால் அளந்து கண்ட உண்மையைப் போல அதைப் பெண்களிடம் அச்சுறுத்திச் சொல்வது வேறு விளைவைத் தரும்: குடித்ததை மறைப்பார்கள், மருத்துவமனைக்கு வருவதையே தள்ளிப்போடுவார்கள். கருத்தரித்தது தெரியாமல் குடித்துவிட்டவருக்குச் சொல்லவேண்டியது, எந்த மாதத்தில் நிறுத்தினாலும் பயன் உண்டு என்பதே. மூளை ஒன்பது மாதமும் வளர்வது, ஆகவே இன்று நிறுத்துவது இன்றிலிருந்து உருவாகப்போகும் பகுதியைக் காக்கிறது. நாள்தோறும் மிகுதியாகக் குடித்துப் பழகியவர் மட்டும் மருத்துவர் துணையின்றித் திடீரென நிறுத்தக்கூடாது, வலிப்பு வரக்கூடும்.

பாட்டிலின் மேல் அச்சிடப்படும் எச்சரிக்கை இங்கே ஒரு துணையாக இருந்திருக்கலாம். அமெரிக்காவில் 1989 முதல் ஒவ்வொரு மது பாட்டிலும் கருவுற்ற பெண்களுக்கான எச்சரிக்கையைத் தாங்கி வருகிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வகுத்த விதி, மது உடல்நலத்துக்குக் கேடு என்பதையும் குடித்துவிட்டு வாகனம் ஓட்டக்கூடாது என்பதையும் சொல்லி நின்றுவிடுகிறது. வாங்குபவர் பெரும்பாலும் ஆண் என்பதால் கருவைப் பற்றிச் சொல்லிப் பயனில்லை என்று கருதினார்கள் போலும். அதுவும் சரியாகத் தோன்றவில்லை. சீனாவில் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட தம்பதியரைக் கொண்டு 2021இல் வெளியான ஆய்வில், கருத்தரிப்புக்கு முன் தந்தை குடித்துவந்த குடும்பங்களில் பிறவிக் குறைபாடுகள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குக் கூடுதலாக இருந்தன. டெக்சாஸில் மைக்கேல் கோல்டிங் குழு சுண்டெலிகளில், ஆண் எலிக்கு மட்டும் எத்தனால் கொடுத்தும் குட்டிகளின் முகத்தில் மாறுதல்கள் தோன்றுவதை 2023இல் காட்டியது. விந்தணுவில் மரபணுக்களின் எழுத்து மாறாமல், அவற்றை இயக்கும் குறிகள் மாறுவது காரணமாகலாம் என்று கருதுகிறார்கள். மனிதரில் இது எவ்வளவு பொருந்தும் என்பது தொடக்கநிலைச் செய்திதான், ஆயினும் நூற்றுக்கு இருபத்தைந்து ஆண்கள் குடிக்கும் மாநிலத்தில் தாயை மட்டும் விசாரிக்கும் மருத்துவம் பாதிக் கேள்வியையே கேட்கிறது.

பிறந்த பிள்ளையிடம் மதுவின் தடத்தை அறிய வழி இருக்கிறது: குழந்தையின் முதல் மலமான காட்டுப்பீயில் எத்தனாலின் சிதைவால் உண்டாகும் கொழுப்பு அமில எஸ்டர்களை அளந்தால், கருக்காலத்தின் பிற்பாதியில் தாய் தொடர்ந்து குடித்தாரா என்று சொல்லலாம். இது பெரும்பாலும் ஆய்வுக்கே பயன்படுகிறது. ராயபுரத்தில் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு இணைந்த ஆர்.எஸ்.ஆர்.எம். மகப்பேறு மருத்துவமனையில் பிறந்த பிள்ளையாயினும் வேறெங்கு பிறந்த பிள்ளையாயினும், அதன் வளர்ச்சியை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் சோதிப்பது 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் மருத்துவக் குழு. அக்குழுவின் பட்டியலில் முப்பது நிலைகள் உள்ளன. பிளவுபட்ட உதடு, பிறவி இதயநோய், இரத்தசோகை, கற்றல் குறைபாடு, கவனச்சிதறல் எல்லாம் அவற்றில் அடங்கும், கரு மது பாதிப்புக்கு மட்டும் தனியிடம் இல்லை. வகுப்பில் ஓரிடத்தில் உட்காராத, எழுத்தை மறந்துபோகும் பிள்ளை அங்கே கவனச்சிதறலாகவோ கற்றல் குறைபாடாகவோ பதிவாகிறது.